கொரோனா கட்டுப்பாடும் சலூன், பார்லர், மசாஜ் தொழிலும்: வட சென்னைல இன்னும் கேட்டுட்டே இருக்கிற கேள்விங்க

தண்டையார்பேட்டை பக்கம் பார்லர் நடத்தறேன். நம்ம ஏரியா சலூன் அண்ணனுங்க, வீட்டு வீட்டுக்கு போய் எண்ணெ தேய்ச்சு விடற ஆயாங்க, ஸ்பால வேலை பாத்த பொண்ணுங்கன்னு நெறைய பேருக்கு ஃபார்ம் ஃபில் பண்ணி குடுக்கறதும் நான்தான். ஊரடங்கு முடிஞ்சு வருஷக்கணக்காச்சு, ஆனா அப்போ வாங்கின கடன் பலருக்கு இன்னும் ஓடிட்டு இருக்கு, அப்போ விட்டுப்போன வாடகை இன்னும் பேச்சுல இருக்கு, இன்னொரு தடவை வந்தா என்னா பண்றதுன்ற பயமும் போகல. அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கறேன்.

அக்கா, மொத்தம் எப்பப்போ மூட சொன்னாங்க, எப்பப்போ தொறக்க விட்டாங்க? எனக்கு எல்லாம் கலந்து போச்சு.

எல்லாருக்கும் கலந்துதான் போச்சு. 2020 மார்ச் 22 ஞாயித்துக்கெழம மக்கள் ஊரடங்கு, 24 சாயங்காலம் தமிழ்நாட்டுல 144, 25ல இருந்து நாடு முழுக்க பூட்டு. மே மாசம் சிவப்பு, ஆரஞ்சு, பச்சைன்னு மாவட்டத்த பிரிச்சாங்க, சிவப்புல சலூனும் ஸ்பாவும் கூடாதுன்னு மத்திய அரசு உத்தரவுலயே போட்டிருந்துச்சு, சென்னை சிவப்பு. மே 19ல கிராமத்து சலூன தொறக்க விட்டாங்க, மே 24ல மத்த ஊருங்க, சென்னைக்கு மட்டும் ஜூன் 1 வரைக்கும் இல்ல. சரி தொறந்தாச்சுன்னு நாம தூசி தட்டி உக்காரும்போதே ஜூன் 19ல சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ல மறுபடி முழு ஊரடங்கு, அது ஜூலை 5 வரைக்கும் போச்சு.

அதுக்கப்புறம் ஜூலை, ஆகஸ்ட் ரெண்டு மாசமும் ஞாயித்துக்கெழம முழு ஊரடங்கு. இத வெளி ஆளுங்க யாரும் பெருசா பேசல, ஆனா சலூன்காரங்களுக்கு இது தனி அடி. சலூனுக்கு செவ்வாய் லீவு, வாரத்துல பெரிய யாவாரமே ஞாயித்துக்கெழமதான், ஹார்பர்ல வேலை பாக்கறவங்க, மணலி கம்பெனிங்கள்ல வேலை பாக்கறவங்க எல்லாம் அன்னிக்குதான் கட்டிங் ஷேவிங்குக்கு வருவாங்க. ஞாயிறு போச்சுன்னா வாரமே போன கணக்கு. 2022 ஜனவரியில மூணாவது அலை வந்தப்பவும் 9, 16, 23ன்னு மூணு ஞாயிறு பூட்டுனாங்க.

ரெண்டாவது அலைல 2021 ஏப்ரல் 26ல இருந்து மாநகராட்சி, நகராட்சி எல்லாத்துலயும் சலூன், அழகு நிலையம், ஸ்பா மூணையும் பேர் சொல்லியே மூட சொன்னாங்க, மே 10ல முழு ஊரடங்கு, திரும்ப தொறந்தது ஜூன் 14, அதுவும் ஏசி இல்லாம, பாதி கஸ்டமரோட, காலைல 6ல இருந்து சாயங்காலம் 5 வரைக்கும்தான். 2022 ஜனவரில கடை தொறந்து இருந்துச்சு, ஆனா அதே 50 சதவீத கட்டுப்பாடு. பிப்ரவரி பாதிலதான் எல்லாம் தளர்ந்துச்சு.

மளிகை கடை, காய்கறி கடை எல்லாம் தொறந்திருந்துச்சே, நம்மள மட்டும் ஏன் மொதல்ல மூடுனாங்க, கடைசியா தொறந்தாங்க?

கோவமா கேக்கறவங்க நெறைய பேர், ஆனா நான் இதுல அரசாங்கத்து பக்கம்தான் பேசுவேன். காய்கறி வாங்கறவர் ரெண்டு நிமிஷம் நின்னு காசு குடுத்துட்டு போய்டுவாரு. நாம ஒரு ஃபேஷியல்னா ஒரு மணி நேரம் அவங்க மூக்குக்கு நேரா குனிஞ்சு நிக்கறோம், அவங்க விடற மூச்சதான் நாம இழுக்கறோம். மசாஜும் அப்படித்தான். ஆறடிக்குள்ள பதினஞ்சு நிமிஷம் இருந்தாலே நெருங்கின தொடர்புன்னு அமெரிக்காவுல கணக்கு வச்சிருந்தாங்க, நம்ம தொழில்ல ஆறடி தள்ளி நின்னு செய்யறதுக்கு ஒரு வேலையும் கிடையாது. அது மட்டும் இல்ல, ஒரு நாளைக்கு நாம தொடற ஆளுங்க எல்லாம் வேற வேற வீட்டுக்காரங்க, நமக்கு வந்துச்சுன்னா பத்து தெருவுக்கு போகும்.

நம்ம ஏரியாவ நெனச்சு பாருங்க. 2020ல ராயபுரம் மண்டலம்தான் பல வாரம் சென்னைலயே அதிக கேஸ்ல நின்னுச்சு, தண்டையார்பேட்டை அதுக்கு பின்னாடியே. ஒரே ரூம்ல அஞ்சு ஆறு பேர், பொது குழாய், பொது கக்கூஸ், இதுல தள்ளி இருன்னா எங்க தள்ளி இருக்கறது? கேஸ் வந்த தெருவ தகரம் வச்சு அடைச்சாங்க, பழைய வண்ணாரப்பேட்டைல சந்து சந்தா தகரம், அதுக்குள்ள இருந்து பால் பாக்கெட்ட கயிறு கட்டி இழுத்தவங்க எல்லாம் இருக்காங்க. அந்த நேரத்துல கடைய மூட சொன்னது தப்பே இல்ல. மூட சொன்னவங்க நம்ம அடுப்புக்கு என்னா வழின்னு கேக்காம விட்டதுதான் தப்பு, அத கீழ சொல்றேன்.

முடி வெட்ட ஆதார் நம்பர் எதுக்கு கேட்டாங்க?

2020 ஜூன்ல தொறக்க விட்டப்போ ஒரு எஸ்.ஓ.பி., அதாவது கடைய எப்படி நடத்தணும்னு விதிமுறை குடுத்தாங்க, வர்றவங்க பேர், அட்ரஸ், போன் நம்பர், ஆதார் எல்லாம் ரிஜிஸ்டர்ல எழுதணும்னு. ஒருத்தருக்கு கொரோனான்னு தெரிஞ்சா அதே நாள்ல அந்த சேர்ல உக்காந்தவங்கள தேடி புடிக்கத்தான். நோக்கம் சரி.

நடந்தது வேற. கொருக்குப்பேட்டைல ஒரு சலூன் அண்ணன் அந்த நோட்ட இன்னும் வச்சிருக்காரு, எண்பது பக்க கோடு போட்ட நோட்டு, மொத பத்து பக்கம் அழகா ரூல் போட்டு காலம் பிரிச்சிருக்கு, அதுக்கப்புறம் பாத்தா போன் நம்பர்ல ஒம்போது இலக்கம், அட்ரஸ்ல "பக்கத்து தெரு", ஆதார் காலம் காலி. ஜனங்க பயந்தாங்க. நம்பர குடுத்தா நாளைக்கு கார்ப்பரேஷன் வண்டி வந்து அள்ளிட்டு போய்டும், வீட்டு வாசல்ல தகரம் அடிச்சுடுவாங்கன்னு பயம். பேரும் போன் நம்பரும் போதும்னு விட்டிருந்தா உண்மைய எழுதி இருப்பாங்கன்றது என் கருத்து.

இப்போ அந்த மாதிரி நோட்டு யார் கிட்டயாச்சும் இருந்தா கிழிச்சு எரிச்சுடுங்க. மத்தவங்க ஆதார் நம்பர் கடைல சும்மா கெடக்க கூடாது.

ஏசி ஏன் கூடாதுன்னாங்க? வெயில் காலத்துல ஏசி இல்லாம எந்த கஸ்டமர் வருவாங்க?

ஸ்பிலிட் ஏசி வெளிக்காத்த உள்ள கொண்டு வராது, ரூம்ல இருக்கிற காத்தையே சுத்தி சுத்தி குளிர வைக்கும். ஏசி போட்டா ஜன்னல் கதவு எல்லாம் சாத்துவோம், நோய் இருக்கிற ஒருத்தர் ஒரு மணி நேரம் உள்ள படுத்திருந்தா அவர் மூச்சுல வர்றது அங்கேயே மிதந்துட்டு இருக்கும், அவர் போனதுக்கப்புறம் வர்றவங்களும் அதையே சுவாசிப்பாங்க. இது காத்துல பரவற நோய்னு ஒத்துக்கவே உலக சுகாதார நிறுவனம் ரொம்ப நாள் இழுத்துச்சு, மொதல்ல எல்லாரும் கை கழுவறதுலயும் தரைய துடைக்கறதுலயுமே நின்னுட்டோம், உண்மையில ஜன்னல்தான் பெரிய விஷயம்.

பிரச்சனை என்னன்னா நம்ம பக்கம் பாதி பார்லருக்கு ஜன்னலே கிடையாது. ஒரே ஷட்டர், உள்ள தடுப்பு, தடுப்புக்கு பின்னாடி பெட். லேடீஸ் பார்லர்ல ஷட்டர தொறந்து வச்சுட்டு வேலை செய்யவும் முடியாது. இப்பயாச்சும் செய்யக்கூடியது ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், பெட் ரூமோட மேல் சுவத்துல, காத்து வெளிய போற மாதிரி, கதவுக்கு கீழ காத்து உள்ள வர இடம். ஒரு கஸ்டமருக்கும் அடுத்தவங்களுக்கும் நடுவுல பத்து பதினஞ்சு நிமிஷம் ஃபேன ஓட விடுங்க. டேபிள் ஃபேன கஸ்டமர் தலமாட்டுல வச்சு உங்க மூஞ்சிக்கு அடிக்கற மாதிரி மட்டும் வைக்காதீங்க.

மாஸ்க் போட்டா நிஜமாவே ஏதாச்சும் பிரயோஜனம் இருந்துச்சா?

இருந்துச்சு, அதுவும் நம்ம தொழில்லயே பாத்திருக்காங்க. அமெரிக்காவுல மிசௌரி மாநிலத்துல ஸ்பிரிங்ஃபீல்டுன்னு ஒரு ஊர், 2020 மே மாசம் அங்க ஒரு சலூன்ல முடி வெட்டற ரெண்டு பேருக்கு கொரோனா அறிகுறி வந்தும் வேலை பாத்துட்டாங்க, 139 கஸ்டமர். கடைல எல்லாரும் மாஸ்க் போடணும்னு ரூல். அந்த 139 பேர கவனிச்சதுல யாருக்கும் அறிகுறி வரல, டெஸ்ட் பண்ண ஒத்துக்கிட்ட 67 பேருக்கும் நெகட்டிவ். அதே வேலைக்காரங்கள்ல ஒருத்தர் வீட்டுல மாஸ்க் இல்லாம பழகினவங்களுக்கு வந்துச்சு. இந்த கதைய நான் எங்க பொண்ணுங்க எல்லார் கிட்டயும் சொல்லுவேன்.

ஆனா ஷேவிங், ஃபேஷியல், மேல் உதட்டு த்ரெடிங் இதுக்கெல்லாம் கஸ்டமர் மாஸ்க்க எறக்கித்தான் ஆகணும். அங்க நம்ம மாஸ்க் மட்டும்தான் காவல், துணி மாஸ்க் போதாது, என் 95 வேணும்.

சலூன தொறந்ததுக்கப்புறமும் மசாஜ், ஸ்பா மட்டும் ஏன் இழுத்தடிச்சாங்க?

நேரம் ஒண்ணு, மூடின ரூம் ஒண்ணு. அப்புறம் ஆவி. 2020 ஆகஸ்ட்ல ஜிம் தொறக்க மத்திய அரசு வழிகாட்டுதல் விட்டப்போ, ஜிம்ம தொறங்க ஆனா உள்ள இருக்கிற ஸ்பா, சானா, ஸ்டீம் பாத் மூடியே இருக்கணும்னு தனியா எழுதி இருந்தாங்க. 2020 ஜூன் உத்தரவு சலூன், அழகு நிலையம் பத்திதான் பேசுச்சு, மசாஜ் மட்டும் பண்றவங்க தான் எந்த கணக்குல வர்றோம்னே தெரியாம நின்னாங்க.

இதுல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். கைய வச்சு அமுக்கறதுன்னா எல்லாம் ஒண்ணு இல்ல. ஆஸ்பத்திரில பிசியோதெரபிஸ்ட் பண்றது மருத்துவம், அது மருத்துவ சேவை கணக்குல வரும். சித்த மருத்துவத்துல தொக்கணம்னு ஒரு சிகிச்சையே இருக்கு, வர்மம் இருக்கு, டாக்டர் எழுதி குடுத்து பண்றது. பெரம்பூர்லயோ அண்ணா நகர்லயோ போர்டு மாட்டி ரிலாக்ஸ் மசாஜ்னு பண்றது வணிகம். நம்ம தெருவுல புள்ள பெத்தவளுக்கும் குழந்தைக்கும் எண்ணெ தேய்ச்சு குளிப்பாட்டற ஆயா இருக்காங்களே, அவங்க எந்த லிஸ்ட்லயும் இல்ல. ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரில இருந்து பச்சக் குழந்தையோட வர்ற வீடுங்களுக்கு காலைல காலைல போய் வெதுவெதுப்பா எண்ணெ தேய்ச்சு, கால் நீட்டி உக்காந்து, முழங்கால் மேல குழந்தைய போட்டு தலை ஊத்தி விடுவாங்க, அதுதான் அவங்க மாச வருமானமே. கொரோனால யாரும் வீட்டுக்குள்ள விடல, விடாததும் நியாயம்தான், வயசானவங்களுக்குதான் ஆபத்து அதிகம். ஆனா அவங்களுக்கு வேலை போச்சுன்னு எந்த காயிதத்துலயும் பதிவாகல.

சித்த மருத்துவம்னதும் ஞாபகம் வருது, 2020ல வியாசர்பாடி அம்பேத்கர் காலேஜ்ல சித்தா கொரோனா சிகிச்சை மையம் நடத்துனாங்க, நம்ம ஆளுங்க நெறைய பேர் அங்க இருந்து வந்தவங்க.

கடைய மூடிட்டு வீட்டுக்கு வந்து வெட்டி விடுன்னு கூப்ட்டாங்களே, போனது தப்பா?

சட்டப்படி கூடாதுதான். பசிக்கு போனவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன். மனசுல நின்னது வேற ஒண்ணு. சலூன் அண்ணனுங்க பல பேரோட தாத்தா காலத்துல ஊர்ல பெரிய வீட்டு பின்வாசல்ல, மாட்டுக்கொட்டாய் பக்கத்துல உக்காந்துதான் சவரம் பண்ணி விடணும், கூலி நெல்லு, முன்வாசல்ல கால் வைக்க முடியாது. அத உட்டுட்டு பட்டணம் வந்து, கண்ணாடி மாட்டி, சுத்தற சேர் வாங்கி போட்டு, வர்றவன் என் கடைக்கு வரட்டும்னு தலை நிமிர்ந்து உக்காந்ததுக்கு ஒரு தலைமுறை ஒழைப்பு இருக்கு. ஊரடங்குல அதே மாதிரி மாடிப்படி கீழ, மொட்டை மாடில, "உள்ள வராத, அங்கேயே உக்காரு"ன்னு. எங்க அப்பாவுக்கு தெரிஞ்சா தாங்க மாட்டாருன்னு ஒருத்தர் சொன்னாரு. கொரோனா பயத்துல சொன்னவங்க சாதிய நெனச்சு சொல்லி இருக்க மாட்டாங்க, ஆனா கேக்கறவர் காதுல பழசெல்லாம் கேக்கும்ல.

எஸ்.ஓ.பி. மீறினா 5000 ரூபா ஃபைன்னு சொன்னது உண்மையா? என் மேல போட்ட கேஸ் இன்னும் இருக்குமா?

உண்மை. 2020 செப்டம்பர்ல தமிழ்நாடு பொது சுகாதார சட்டத்த, அது 1939 சட்டம், அத திருத்தி ஃபைன் போட்டாங்க. மாஸ்க் இல்லன்னா 200, எச்சி துப்புனா 500, இடைவெளி இல்லன்னா 500, சலூன், ஸ்பா, ஜிம், மத்த கடைங்க எஸ்.ஓ.பி. மீறினா 5000. ஒரு சேர் வச்ச கடைக்கும் அதே 5000, பெரிய ஷோரூமுக்கும் அதே 5000. நாளைக்கு 600, 700 பாக்கற கடைக்கு அது ஒரு வாரத்து சோறு. கடையோட அளவ பாத்து ஃபைன் வச்சிருக்கணும். 2022 ஜனவரில மாஸ்க் ஃபைன 500 ஆக்குனாங்க.

கேஸ் விஷயம். 2021 பிப்ரவரியில ஊரடங்க மீறினதா போட்ட கேஸ்ங்கள வாபஸ் வாங்கறோம்னு அப்போதைய முதலமைச்சர் அறிவிச்சாரு, வன்முறையில ஈடுபட்டது, போலி இ-பாஸ் எடுத்தது, போலீஸ வேலை செய்ய விடாம தடுத்தது இதெல்லாம் தவிர. அது மொத அலை கேஸுக்கு. பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணும்போது பழைய கேஸ் நிக்குதுன்னு சிலருக்கு தெரிய வந்திருக்கு, அதனால சந்தேகம் இருந்தா ஸ்டேஷன்ல எஃப்.ஐ.ஆர். நம்பர குடுத்து கேளுங்க, இல்லனா கோர்ட்டுல இலவச சட்ட உதவி மையம் இருக்கு, காசு கேக்க மாட்டாங்க.

மூடி இருந்த மாசத்துக்கும் வாடகை குடுக்கணுமா? ஓனர் இன்னும் பாக்கின்னு சொல்றாரு.

வருத்தமான பதில்தான், பொதுவா குடுக்கணும். 2020 மார்ச் 29 உத்தரவுல ஒரு மாசம் வாடகை கேக்காதீங்கன்னு சொன்னது தொழிலாளிங்க, வேற ஊர்ல இருந்து வந்தவங்களும் சேத்து, வாடகைக்கு குடியிருக்கிற வீட்டுக்கு, கடைக்கு இல்ல. கடை மூடி இருந்ததால வாடகை தானா ரத்தாகுமான்னு டெல்லில ஒரு செருப்பு கடைக்காரர் ஹைகோர்ட் வரைக்கும் போனாரு, 2020 மே மாசம் தீர்ப்பு, ரத்தாகாது, வேணும்னா கட்ட கொஞ்சம் டைம் தர்றோம்னாங்க. அக்ரிமெண்ட்ல இயற்கை பேரிடர் மாதிரி நேரத்துல வாடகை கிடையாதுன்னு வரி இருந்தா மட்டும் வழக்காட வழி உண்டு. நம்ம பக்கம் பாதி பேருக்கு அக்ரிமெண்டே வாய்ப்பேச்சுதான்.

ஓனருங்க எல்லாரும் கல்நெஞ்சு இல்ல. பாதி வாடகை போதும்னவங்க உண்டு, அட்வான்ஸ்ல கழிச்சுக்கோன்னவங்க உண்டு. அட்வான்ஸ்ல கழிச்சிருந்தா எவ்ளோ கழிச்சது, மீதி எவ்ளோன்னு இப்பயே ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்கோங்க. காலி பண்ணும்போது அங்கதான் சண்டை வருது. இனிமே அக்ரிமெண்ட் போட்டா அரசு உத்தரவால கடை மூடி இருந்தா பாதி வாடகைன்னு ஒரு வரி சேருங்க, கேட்டா தர்ற ஓனர் இருக்காங்க.

ஈ.எம்.ஐ. தள்ளுபடின்னு சொன்னாங்களே, எங்களுக்கு மட்டும் வட்டி ஏன் ஏறுச்சு? தண்டல்காரங்க விடவே இல்லையே?

தள்ளுபடி இல்ல, தள்ளி வச்சது. ரிசர்வ் பேங்க் 2020 மார்ச் 1ல இருந்து ஆகஸ்ட் 31 வரைக்கும் தவணைய தள்ளி வைக்கலாம்னு சொல்லுச்சு, வட்டி ஓடிட்டேதான் இருந்துச்சு. அந்த ஆறு மாசத்துக்கு வட்டி மேல வட்டி போடக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2021 மார்ச் 23ல சொல்லிடுச்சு. மகளிர் குழு லோன் வாங்கினவங்க பல பேருக்கு தவணைய தள்ளி வைக்கலாம்ற விஷயமே தெரியாது, வசூல்காரங்க வாராவாரம் வந்து நின்னாங்க, குடுத்தோம்.

தண்டல் தனி கதை. காலைல பத்தாயிரம்னு சொல்லி எட்டாயிரத்து ஐநூற கைல குடுத்துட்டு, நாளைக்கு நூறுன்னு நூறு நாள் வாங்கறது. கடை மூடி இருந்தாலும் பைக்க நிறுத்திட்டு வாசல்ல நிப்பாங்க. தமிழ்நாட்டுல 2003லயே அநியாய வட்டி தடை சட்டம் வந்துச்சு, கந்து வட்டி, மீட்டர் வட்டியோட தண்டலும் அந்த சட்டத்துல பேர் போட்டே இருக்கு, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 30,000 வரைக்கும் ஃபைன். கம்ப்ளைண்ட் குடுக்க யாருக்கும் தைரியம் வராது, அவசரத்துக்கு அவன்தான் தர்றான்றது நெஜம். ஆனா வீட்டுக்குள்ள வந்து சாமான தூக்கறது, பொம்பளைங்கள கேவலமா பேசறது வரைக்கும் போச்சுன்னா பயப்படாம போங்க.

பிளாட்பாரத்துல சேர் போட்டு வெட்டறவங்களுக்கு 2020 ஜூன்ல பி.எம். ஸ்வநிதின்னு ஒரு கடன் வந்துச்சு, பிணை இல்லாம 10,000, ஒழுங்கா கட்டினா அடுத்தது பெருசா. தெருவோர சவர தொழிலாளியும் அதுல உண்டு. இத தெரியாமலே தண்டல் வாங்கினவங்க எத்தன பேர்.

நிவாரணம்னு யாருக்கு என்ன வந்துச்சு? எங்க கடை பொண்ணுங்களுக்கு ஏன் வரல?

எல்லாத்தையும் விட என்ன சுட்டது இதுதான். அரிசி கார்டு இருந்தவங்களுக்கு 2020 ஏப்ரல்ல ஆயிரம், ஜூன்ல திரும்ப பூட்டுன அந்த நாலு மாவட்டத்துக்கு மறுபடி ஆயிரம், 2021ல ரெண்டாயிரம் ரெண்டாயிரமா நாலாயிரமும் 14 மளிகை சாமானும் வந்துச்சு. இது தொழில பாத்து வந்தது இல்ல, கார்ட பாத்து வந்தது. தொழில பாத்து வந்ததுன்னா முடி திருத்துவோர் நல வாரியத்துல பதிவு பண்ணவங்களுக்கு 2020ல ஆயிரம் ஆயிரமா ரெண்டு தடவை. பதிவு இல்லாத சலூன் தொழிலாளிங்களும் அப்ளை பண்ணலாம்னு பின்னாடி சொன்னாங்க.

பார்லர் பொண்ணு? ஸ்பால கமிஷனுக்கு வேலை பாத்தவ? மணிப்பூர், மிசோரம்ல இருந்து வந்து நாலு பேரா ஒரு ரூம்ல இருந்தவங்களுக்கு இங்க ரேஷன் கார்டே கிடையாது, ரயில் விட்டப்போ மூட்டைய கட்டிட்டு போனாங்க, சில பேர் திரும்பவே இல்ல. எங்க தெருவுல மெஹந்தி போட்டு, பிரைடல் மேக்கப் பண்ணி புருஷன் இல்லாம ரெண்டு புள்ளைங்கள படிக்க வச்ச ஒரு பொண்ணு இருக்கா, சித்திரை வைகாசி முகூர்த்தம்தான் அவளுக்கு வருஷத்து சம்பாத்தியம், 2020லயும் போச்சு, 2021லயும் போச்சு. எவ்ளோ நஷ்டம்னு காட்ட ஒரு பில் இல்ல, ஒரு ரசீது இல்ல, பேங்க்ல ஒரு வரவு இல்ல, எல்லாம் கைக்காசு. அரசாங்க கண்ணுக்கு அவ வீட்டுல சும்மா இருக்கிற பொம்பள. அவ கைவேலைய இந்த ஏரியா மொத்தமும் அறியும், ஆனா பதிவுல அவ இல்ல.

வெளிநாட்டுல எல்லாம் காசு குடுத்தாங்கன்னு சொல்றாங்களே?

இங்கிலாந்துல குடுத்தாங்க. அங்கயும் நம்ம மாதிரிதான் மூடுனாங்க, முடி வெட்டற கடை 2020 ஜூலை 4ல தொறந்துச்சு, பியூட்டி, மசாஜ் ஜூலை 13ல, அதுலயும் மூஞ்சி கிட்ட பண்ற ஃபேஷியல், புருவ வேலை எல்லாம் ஆகஸ்ட் 15 வரைக்கும் இல்ல. ஆனா சொந்தமா தொழில் பண்றவங்களுக்கு மூணு மாசத்து லாபத்துல 80 சதவீதம், 7,500 பவுண்டுக்கு மேல போகாம, அரசாங்கம் குடுத்துச்சு. எத வச்சு கணக்கு போட்டாங்கன்னா முன்னாடி வருஷம் வரி கணக்கு தாக்கல் பண்ணத வச்சு. புதுசா கடை போட்டவங்க, கணக்கு காட்டாதவங்க அங்கயும் விட்டுப்போனாங்க.

கொரோனா வந்து போன கஸ்டமருக்கு மசாஜ் பண்ணலாமா? உடம்பு வலின்னு நெறைய பேர் வர்றாங்க.

காய்ச்சல் நின்னு, தேறி வந்தவங்களுக்கு மெதுவா பண்ணலாம். கவனிக்க வேண்டியது கால். கொரோனா வந்தவங்களுக்கு ரத்தம் கட்டற ஆபத்து கொஞ்ச நாளைக்கு கூடுதலா இருக்கும், படுத்தே கெடந்தவங்களுக்கு இன்னும் அதிகம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடா, தொட்டா வலியா இருந்தா அத அமுக்கவே அமுக்காதீங்க, உள்ள கட்டி இருக்கிற ரத்தம் பிச்சுக்கிட்டு நுரையீரலுக்கு போனா உயிருக்கே ஆபத்து. எண்ணெ பாட்டில கீழ வச்சுட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. நெஞ்சு வலி, நடந்தா மூச்சு வாங்குதுன்னு சொன்னாலும் அப்படியே. சும்மா வாயு புடிப்புன்னு நெனச்சு அழுத்தி விடற பழக்கம் நம்ம கிட்ட ஜாஸ்தி.

கத்தி, சீப்பு, டவல் எல்லாம் எதுல கழுவறது?

பிளேடு ஒருத்தருக்கு ஒண்ணு, இதுல பேச்சே இல்ல, கொரோனா இல்லனாலும் மஞ்சக்காமாலை, எச்.ஐ.வி. இருக்கு. கத்திரி, கத்தி மாதிரி இரும்பு சாமானுக்கு 70 சதவீத ஸ்பிரிட், ஹைப்போ (ப்ளீச் தண்ணி) ஊத்தினா துரு புடிக்கும். தரை, சேர் கைப்புடி, பெட் ரெக்சினுக்கு 1 சதவீத ஹைப்போ. டவல் சோப்பு போட்டு வெந்நீர்ல அலசி வெயில்ல காய வைங்க. ப்ளீச்சிங்கையும் ஆசிடையும் கலந்துடாதீங்க, வர்ற புகை நெஞ்ச அடைக்கும். சானிடைசர் தடவின கையோட ஸ்டீமர், ஹேர் டிரையர் கிட்ட போகாதீங்க, காயட்டும். மசாஜ் எண்ணெய ஒருத்தருக்கு வேண்டிய அளவு கிண்ணத்துல ஊத்திக்கோங்க, மிச்சத்த பாட்டில்ல திருப்பி ஊத்தாதீங்க.

ஸ்பால கேமரா வைக்க சொன்ன விஷயம் என்னாச்சு?

அது கொரோனா சட்டம் இல்ல, ஆனா அதே நேரத்துல வந்ததால எல்லாரும் குழப்பிக்கறாங்க. 2021 டிசம்பர்ல சென்னை ஹைகோர்ட் நீதிபதி எஸ்.எம். சுப்ரமணியம் ஸ்பா, மசாஜ் சென்டர்ல எல்லாம் சிசிடிவி வைக்கணும்னு சொன்னாரு. ரெண்டு வாரத்துல 2022 ஜனவரில மதுரை கிளைல நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அது தனிமனித அந்தரங்கத்த மீறும்னு வேற மாதிரி தீர்ப்பு குடுத்தாரு. உள்ள துணி மாத்தற, மசாஜ் பண்ற ரூம்ல கேமராவ ஒரு பொம்பளையா நான் ஒத்துக்கவே மாட்டேன். ரிசப்ஷன்ல, வாசல்ல வைங்க, அது உங்களுக்கும் பாதுகாப்பு. கார்ப்பரேஷன் தொழில் உரிமத்த ஃபிரேம் போட்டு கண்ணுக்கு தெரியற மாதிரி மாட்டுங்க.

திரும்ப இப்படி ஒண்ணு வந்தா என்ன பண்றது அக்கா? பதிவு பண்ண எங்க போகணும்?

வர்றதுக்கு முன்னாடி பண்ண வேண்டியதுதான் எல்லாம். 18ல இருந்து 60 வயசுக்குள்ள இருக்கிற சலூன் தொழிலாளிங்க முடி திருத்துவோர் நல வாரியத்துல சேரலாம், புள்ளைங்க படிப்புக்கு, கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு உதவி உண்டு, 60க்கு மேல பென்ஷன் உண்டு. மத்த வேலை பாக்கறவங்க லேபர் ஆபீஸ்ல போய் நான் இன்ன வேலை செய்யறேன், எந்த வாரியம்னு கேளுங்க, அவங்களே சொல்லுவாங்க. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், போட்டோ, வயசுக்கு ஒரு சான்று, இந்த வேலைதான் செய்யறோம்னு ஒரு சான்று இதெல்லாம் எடுத்துட்டு போங்க. சேந்ததோட விட்டுடாம புதுப்பிக்கற தேதிய காலண்டர்ல எழுதி வைங்க, காலாவதி ஆன கார்டால 2020ல பணம் வராம போனவங்கள எனக்கு தெரியும்.

இ-ஷ்ரம்னு அமைப்பு சாராத தொழிலாளிங்களுக்கான மத்திய அரசு பதிவு 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது, 16ல இருந்து 59 வயசு வரைக்கும், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இல்லாத எல்லாரும் போடலாம், பியூட்டிஷியன், வீட்டுல போய் வேலை பாக்கறவங்க எல்லாரும். பன்னெண்டு இலக்க நம்பர் வரும், செலவு இல்ல. வெளி மாநில பொண்ணுங்களுக்கும் ஆதார் இருந்தா போதும். கடை வச்சிருக்கவங்க உதயம்னு சின்ன தொழிலுக்கான அரசு பதிவு போடுங்க, அதுவும் இலவசம், காசு கேக்கற ஏஜெண்ட்ட நம்பாதீங்க. கஸ்டமர் காச முடிஞ்ச வரைக்கும் ஜிபேல வாங்குங்க, பேங்க் ஸ்டேட்மெண்ட்தான் நாளைக்கு நீங்க தொழில் பண்ணீங்கன்னு சொல்ற சாட்சி.

எண்ணெ தேய்க்கிற ஆயாங்களுக்கு வயசு 60 தாண்டி இருந்தா இதுல எதுவும் ஒத்து வராது, அவங்களுக்கு தாலுகா ஆபீஸ்ல முதியோர் பென்ஷன் தனியா அப்ளை பண்ணணும். உங்க வீட்டு குழந்தைய குளிப்பாட்டினவங்க யாராச்சும் இருந்தா அவங்க ஆதாரையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கிட்டு நீங்களே கூட்டிட்டு போங்க, ஃபார்ம் ஃபில் பண்ண தெரியலன்னா என் கிட்ட வாங்க, செவ்வாய்க்கெழம கடைல கூட்டம் கம்மி.